ஒத்திகைக்குப் பச்சை

அரசாங்கத்திடம் ஒரு விஷயத்தைச் சொல்வதற்குத் தனியாக ஓர் அலுவலகம் வேண்டும் என்று முதலில் யாருக்குத் தோன்றியது என்பது தெரியவில்லை. தோன்றியவர் பதவி உயர்வு பெற்று டெல்லிக்குப் போய்விட்டார். அலுவலகம் மட்டும் ஹைதராபாத்தில், பஷீர்பாக்கில், ஒரு பழைய நவாபின் பங்களாவில் தங்கிவிட்டது. வாசலில் பித்தளைப் பலகை பளபளக்கும்: ‘ஆய்வு – ஆட்சி இணைப்பு மையம்’. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு ஆட்சி செய்கிறவர்களிடம் பேசத் தெரியாது. ஆட்சி செய்கிறவர்களுக்கு ஆராய்ச்சி செய்கிறவர்களிடம் பேச நேரம் கிடையாது. ஆகவே நடுவில் ஒரு பங்களா.

அந்தப் பங்களாவுக்குள் எபனேசர் நுழைந்தது எண்பத்தொன்றாம் வருஷம், மழை தொடங்கிய சமயத்தில். அவர் கையில் ஒரு குடையும் ஒரு பாட்டில் தண்ணீரும் இருந்தன.

எபனேசர் சிக்கந்தராபாத்காரர். அவருடைய அப்பா ரயில்வே வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையை விட்டு வந்து இங்கேயே அடக்கமானவர். மகன் ஒரு மத்திய ஆய்வுக்கூடத்தில் ரசாயன விஞ்ஞானி. ஞாயிற்றுக்கிழமைப் பாடகர் குழுவில்கூட மற்றவர்கள் ஆரம்பித்துவிட்டார்களா என்று நிச்சயப்படுத்திக்கொண்டு வாயைத் திறக்கிற சுபாவம். அப்படிப்பட்டவர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அரசாங்கத்தைத் தேடிக் கிளம்பியதற்குக் காரணம் டோரிஸ்.

டோரிஸ் அவருடைய மனைவி ஜெயசுந்தரியின் தங்கை மகள். நாச்சாரத்தில், சின்னச் சின்னத் தொழிற்சாலைகளுக்கு நடுவே, எர்ரகுட்டாக் காலனி என்ற இடத்தில் வீடு. கிறிஸ்மஸுக்கு ஒரு சங்கீதம் முழுவதையும் தடங்கலில்லாமல் ஒப்பித்து எல்லோரையும் கண் கலங்க வைத்த குழந்தை, ஈஸ்டருக்கு அதே சங்கீதத்தின் இரண்டாவது வரியில் நின்றுபோனாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். ஈறுகளின் ஓரத்தில் நீலமாக ஒரு கோடு தெரிந்தது. அந்தக் கோட்டைப் பார்த்ததும் எபனேசர் எழுந்து காலனியைச் சுற்றி நடந்தார். காலனியின் பின்பக்கம் தகரக் கொட்டகைகளில் பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கிக்கொண்டிருந்தார்கள். காலனிக்கு நடுவில், எல்லோரும் போரிங் என்று சொல்லும் ஒரே ஓர் அடிபம்பு. அதன் தண்ணீரை அவர் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். கணக்கில் தன் தப்பு ஏதாவது இருக்க வேண்டுமே என்று கர்த்தரை வேண்டிக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தார். தப்பு எதுவும் இல்லை. தண்ணீரில் ஈயம்.

“நான் நல்லாக் கொதிக்க வச்சுத்தான் குடுக்கேன் அத்தான்” என்றாள் டோரிஸின் தாயார் மரியபுஷ்பம்.

“ஈயம் கொதிச்சுப் போகாது புஷ்பம். தண்ணிதான் வத்தும். விஷம் அப்படியே நிக்கும்.”

“விஷமா” என்றாள் மரியபுஷ்பம்.

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அன்றைக்கே குடத்தை எடுத்துக்கொண்டு, லாரிகளுக்கு இடையில் மெயின் ரோட்டைத் தாண்டி, பிஸ்கட் தொழிற்சாலை மதிலோரம் இருந்த முனிசிபல் குழாய்க்குப் போனாள். பக்கத்து வீட்டில் சொன்னாள். அவர்கள் அடுத்த வீட்டில் சொன்னார்கள். சில நாட்களில் பாதிக் காலனி அந்தக் குழாயடியில் நின்றது. வரிசை மதில் முழுக்க நீண்டு, வளைந்து, சாராயக் கடை வரைக்கும் போனது. தண்ணீரோ காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம். குடுமிபிடிச் சண்டை தெலுங்கிலும் உருதுவிலும் தமிழிலும் நடந்தது. ரோட்டைத் தாண்ட முடியாத கிழவர்களும் கர்ப்பிணிகளும் போரிங்கிலேயே அடித்துக் குடித்தார்கள். அதற்கு ஒரே வழி, அரசாங்கம் அந்தப் பம்பை மூடிவிட்டுக் குழாய் போடுவது. எபனேசர் சைபாபாத்தில் இருந்த செயலகத்துக்குப் போனார்.

செயலக வாசலில் இருந்த பியூன் அவருடைய பைலை மேலாகப் புரட்டினான். அதில் ஒரு வரைபடம் இருந்தது. “ரிசர்ச்சா சாப்? இதர் நக்கோ. பஷீர்பாக் ஜாவ்” என்று வழி காட்டினான்.

இணைப்பு மையத்தின் இயக்குநர் டாக்டர் வேதாசலம், எழுந்து நின்று கை குலுக்கி வரவேற்றார். அவர் மேஜை மேல் பைல் எதுவும் இல்லை. ஒரு குத்துவிளக்கு மட்டும் இருந்தது.

“சரியான இடத்துக்கு வந்திருக்கீங்க மிஸ்டர் எபனேசர். ஆராய்ச்சிக்காரங்க என்ன பண்ணிடறாங்கன்னா, கண்டுபிடிச்ச உடனே நேரா போய்ச் சொல்லிடறாங்க. பாவம், கேக்கறவர் என்ன ஆவார்? அவருக்கு அதுக்கு முன்னாடி அந்த விஷயமே தெரியாது. தெரியாத விஷயத்தைத் திடீர்னு ஒருத்தர்கிட்டப் போய்ச் சொல்றது எவ்வளவு பெரிய அநாகரிகம். இந்த மையம் ஆரம்பிச்சு இத்தனை வருஷமாச்சு. ஒரு ஆராய்ச்சிக்காரர்கூடச் செயலாளரைத் தொந்தரவு பண்ணினதா புகார் கிடையாது. செயலகத்துல எங்களைப் பத்தி விசாரிச்சுப் பாருங்க.”

பேசிப் பேசி நா வறண்ட வேதாசலம், எபனேசர் மேஜை மேல் வைத்திருந்த பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். எபனேசர் பாய்ந்து பிடுங்கினார்.

“சார், அதுதான் அந்தத் தண்ணி.”

வேதாசலம் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார். கொஞ்சம் யோசித்து, கையையே கழுவிக்கொண்டு வந்தார். மறுநாள் மையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டது: எர்ரகுட்டாக் காலனித் தண்ணீரை எக்காரணம் கொண்டும் இவ்வளாகத்துக்குள் கொண்டு வரலாகாது, மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். அந்தத் தண்ணீருக்கு எதிராக அரசுப் பணத்தில் எடுக்கப்பட்ட முதல் நடவடிக்கை அதுதான். பஷீர்பாக் அன்றே காப்பாற்றப்பட்டது.

பிறகு பயிற்சி தொடங்கியது.

முதலில் அறிக்கையின் தலைப்பை எடுத்துக்கொண்டார்கள். ‘எர்ரகுட்டா பம்புத் தண்ணீரில் ஈய விஷம்: குழந்தைகளுக்கு ஆபத்து’ என்று எபனேசர் எழுதியிருந்தார். விஷம் உடனே போய்விட்டது. “அது ஒரு அபிப்பிராயம்” என்றார் வேதாசலம். அடுத்த வாரம் ஆபத்து போயிற்று. குழந்தைகள் இருந்தால் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள் என்று குழந்தைகள் போனார்கள். எர்ரகுட்டா என்று ஊர் பேரைப் போட்டால் மற்ற தொகுதி எம்.எல்.ஏ.க்கள் வருத்தப்படுவார்கள். ஈயம் என்பது தொழில்துறையின் கனிமம். அதைத் தண்ணீர்த் துறை தொடுவது எல்லை மீறல். கடைசியில் ‘நீர்: சில எண்ணங்கள்’ என்று ஒரு தலைப்பு நின்றது. வேதாசலம் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, “இப்போதான் இது கொள்கை மாதிரி இருக்கு” என்றார்.

அடுத்தது உட்காருவது. செயலாளர் முன்னால் நாற்காலியின் முன்பாதியில் உட்கார்ந்தால் அவசரக்காரர். சாய்ந்து உட்கார்ந்தால் திமிர். நடுவில் உட்கார வேண்டும். தேநீரை அவர் எடுத்த பிறகு எடுத்து, அவர் வைப்பதற்கு முன் வைக்க வேண்டும். பிஸ்கட் தட்டைப் பார்க்கலாம், தொடக்கூடாது. நாக்குப் பயிற்சிக்கு ஒரு வாக்கியம் கொடுத்தார்கள், எதைப் பற்றிக் கேட்டாலும் அதைத்தான் சொல்ல வேண்டும்: “இதைப் பொறுத்தவரை, கூடுதல் கவனத்துக்கு இடமிருக்கலாம் என்று கருத வாய்ப்பிருக்கிறது.” எபனேசர் அதைப் பஸ்ஸில் சொல்லிப் பார்த்தார். வீட்டில் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தார். குழம்பில் உப்பு சரியா என்று ஜெயசுந்தரி கேட்டபோது அவரை அறியாமல் அதையே சொன்னார்.

“எனக்குப் பயமாருக்கு. பிள்ளைக்கு ஒரு வழி பண்ணப் போன மனுசன் நீங்க. உங்களுக்கே என்னமோ பண்ணி அனுப்புதாங்க” என்றாள் அவள்.

“கொஞ்சம் பொறு. இதெல்லாம் ஒரு முறை. இப்படிப் போனாத்தான் கேப்பாங்களாம்.”

“அதுக்குள்ள எத்தனை பிள்ளைக குடிக்கும்?”

மறுநாள் வேதாசலத்திடம், “நானே ஒரு டப்பா சிவப்பு வர்ணம் வாங்கிட்டுப் போய்ப் பம்புக்கு அடிச்சுட்டா என்ன சார், ஜனங்களாவது விலகிப் போவாங்களே” என்று கேட்டுப் பார்த்தார்.

“நீங்க அடிச்சா பொதுச்சொத்துக்குச் சேதம். அரசாங்கம் அடிச்சா கொள்கை. ஒரே வர்ணம்தான். ஆனா பிரஷ் யார் கையில இருக்குங்கறதுதான் ஆட்சி” என்றார் வேதாசலம். சொன்னது அவருக்கே பிடித்துப்போய், ஸ்டெனோகிராபரைக் கூப்பிட்டு எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ஸ்டெனோகிராபரின் பெயர் கல்பகம். அந்த அலுவலகத்தில் உண்மையாகவே வேலை நடக்கிற நாற்காலி அவளுடையது ஒன்றுதான். மேஜையின் தலைமாட்டில் யார் உட்கார்ந்து என்ன பேசினாலும் எழுதுவாள், அன்றைக்கே தட்டச்சு செய்வாள், சாயங்காலத் தபாலில் சேர்த்துவிடுவாள். அடுத்த நாளுக்கு ஒரு வரி மிச்சம் வைத்தது கிடையாது.

மையத்தின் உச்சகட்டப் பயிற்சி ஒத்திகை. ஒருவர் செயலாளராக நடிப்பார். ஆராய்ச்சியாளர் அவரிடம் விஷயத்தைச் சொல்லிப் பழகுவார். செயலாளர் வேஷம் லக்ஷ்மிநாராயணனுக்கு. அவர் செயலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து, செயலாளர் ஆகும் கனவோடு செக்‌ஷன் சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவர். திருமுல்கேரியிலிருந்து பஸ் பிடித்து வருவார். வந்ததும் பையிலிருந்து வெள்ளைத் துண்டை எடுத்து நாற்காலியின் முதுகில் விரிப்பார். துண்டு விரிந்த கணத்திலிருந்து அவருக்குக் காது கேட்காது.

ஒத்திகையும் நிஜமும் குழம்பிவிடக்கூடாது என்பதில் மையம் மிகக் கண்டிப்பாக இருந்தது. அதுதான் அதன் ஆதார விதி. நிஜக் கூட்டத்தில் தேநீர் பீங்கான் கோப்பையில். ஒத்திகையில் ஸ்டீல் டம்ளரில். நிஜக் கூட்டத்துக்கு மேஜை விரிப்பு சிவப்பு, ஒத்திகைக்குப் பச்சை. நிஜக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு வெள்ளைத் தாளில். ஒத்திகைக் குறிப்பு ரோஸ் தாளில்; செயலகத்துக்குப் போனாலும் அதை யாரும் படிப்பதில்லை. எது எந்த நிறம் என்று சுவரில் ஒரு அட்டவணை தொங்கியது. நிஜக் கூட்டம் இதுவரை நடந்ததில்லை என்பதால் பீங்கான் கோப்பைகள் மட்டும் புத்தம் புதிதாக அலமாரியில் இருந்தன.

ஒத்திகை ஒத்திகையாக லக்ஷ்மிநாராயணன் எபனேசரை நார் நாராகக் கிழித்தார். “ஈயம்னு எப்படிச் சொல்றீர்?” “மூதாதைகள் ஈயப் பாத்திரத்துல ரசம் வச்சுக் குடிக்கலையா?” “அந்தக் குழந்தை முன்னாடியே மக்கு இல்லைன்னு என்ன அத்தாட்சி?”

கடைசிக் கேள்வியில் எபனேசருக்குப் பயிற்சியெல்லாம் மறந்துவிட்டது. நாற்காலியின் முன்பாதிக்கு வந்தார். “சார், அவ கிறிஸ்மஸுக்கு முழுச் சங்கீதமும் சொன்னா. நானே கேட்டேன். இப்போ என் பேரையே யோசிச்சுச் சொல்லுதா. அந்தத் தண்ணி விஷம் சார். பம்பை மூடுங்க. வேற ஒண்ணும் நான் கேக்கலை.”

வேதாசலம் கண்ணை மூடிக்கொண்டார். லக்ஷ்மிநாராயணன் மூக்கை உறிஞ்சினார். அவருக்கு அன்று ஜலதோஷம். திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பது வருஷமாகப் பிறர் எழுதிய உத்தரவுகளைப் பிரதி எடுத்த மனிதர். தன் குரலில் ஒன்று சொல்லிப் பார்க்கலாமே என்று அந்த நிமிஷம் தோன்றியிருக்க வேண்டும்.

“எழுதிக்கோம்மா” என்றார் கல்பகத்திடம். “எர்ரகுட்டா பம்புக்குச் சிவப்பு வர்ணம் அடித்து மூட உத்தரவிடுகிறேன். காலனிக்குக் குழாய் இணைப்பு உடனே வழங்கப்பட வேண்டும். செயலாளர்.”

பிறகு துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அந்த வாரம் ஸ்டோரில் ரோஸ் தாள் தீர்ந்துபோயிருந்தது. ஸ்டோர் கீப்பர், எழுதிப் போட்டிருப்பதாகவும் பம்பாயிலிருந்து வர வேண்டும் என்றும் சொன்னார். கல்பகம் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். தபால் போகிற நேரமாயிற்று. வேலையை மிச்சம் வைப்பதா, நிறத்தை மாற்றுவதா என்ற கேள்வி வந்தபோது அவள் நிறத்தை மாற்றினாள். வெள்ளைத் தாளில் தட்டச்சு செய்த குறிப்பு சாயங்காலத் தபாலில் செயலகத்துக்குப் போயிற்று.

வெள்ளைத் தாள் செயலகத்தில் நடக்க வேண்டிய விதத்தில் நடந்தது. ‘செயலாளரின் முடிவுப்படி’ என்று ஒருவர் எழுதினார். ‘மேற்படி முடிவுப்படி’ என்று இன்னொருவர் எழுதினார். பைல் கனமானது. கடைசியில் நிஜச் செயலாளரிடம் வந்தபோது அது அவருடைய முடிவாகவே இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார்.

மையத்தில் உத்தரவின் நகல் வந்து சேர்ந்த அன்று வேதாசலம் பயந்துபோனார். இதுவரை அந்தக் கட்டடத்துக்குள் வந்த விஷயம் எதுவும் மறுபக்கம் வெளியே போனதில்லை. மெள்ள விசாரித்து, நடந்ததைத் தெரிந்துகொண்டு, எபனேசரையும் அழைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கத் தயாராகச் செயலாளரைப் பார்க்கப் போனார்.

செயலாளர் பிரியமாக வரவேற்றார். “அந்தக் கூட்டம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது” என்றார் ஆங்கிலத்தில். “அன்றைக்கு எனக்குக் கடுமையான ஜலதோஷம். இருந்தாலும் முடிவெடுக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். உங்கள் கேள்விகள் எல்லாம் கூர்மையாக இருந்தன டாக்டர் வேதாசலம்.”

“கேள்விகள் உங்களுடையவை சார்” என்றார் வேதாசலம்.

“அப்படியா? இருக்கும்.”

எபனேசர் வெளியே வந்து படியில் உட்கார்ந்து, சந்தோஷத்தில் கொஞ்சம் அழுதார். கர்த்தர் எந்த வழியாகவும் வேலை செய்வார், கல்பகம் வழியாகவும் செய்வார் என்று நினைத்துக்கொண்டார். டோரிஸுக்கும் அந்த மதிலோரக் குழாய்த் தண்ணீர் ஒத்துக்கொண்டு வந்தது. நீலக் கோடு மங்கியிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை சங்கீதத்தில் மூன்றாவது வரி வரைக்கும் வந்துவிட்டாள்.

“நாளைக்கே அடிச்சுடலாமே சார்” என்றார்.

“நாளைக்கா” என்று வேதாசலம் சிரித்தார். பயம் தெளிந்து, அது இப்போது மையத்தின் மாபெரும் வெற்றி ஆகியிருந்தது. “ஒரு ஆய்வு கொள்கையாகி நிக்குது மிஸ்டர் எபனேசர். இந்தியாவுக்கே இது முன்மாதிரி. அமைச்சர் வரணும், முதல் பிரஷ் அவர் அடிக்கணும், டெல்லியிலேர்ந்து ஆள் வரணும். இவ்வளவு பேர் வர்ற இடத்துல ஒத்திகை பார்க்காம முடியுமா?”

ஒத்திகைக்கு நாள் குறித்தார்கள். மரியபுஷ்பம் காலனி முழுக்கச் சொல்லி வைத்தாள், எங்க அத்தான் ஏற்பாட்டில் கவர்மெண்ட் வருகிறது என்று. இரண்டு வேன்கள் வந்தன. ஷாமியானா, மைக், சாமந்தி மாலை, காலனிக் குழந்தைகளுக்கு லட்டு. அமைச்சர் இடத்தில் லக்ஷ்மிநாராயணன், துண்டு விரித்த நாற்காலியில். கல்பகம் நோட்டோடு ஓரத்தில். பெயின்டர் இரண்டு டப்பாக்களைப் பம்பின் அடியில் வைத்தான். சிவப்பு டப்பா சீல் வைத்து, ‘நிஜம்’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. அவன் மற்றதைத் திறந்தான். உள்ளே வாழை இலை போலப் பச்சை.

எபனேசர் ஓடினார். “சார், பச்சை வேண்டாம் சார்.”

“ஒத்திகைக்குப் பச்சை. அட்டவணையில இருக்கு” என்றார் வேதாசலம், மாலையைப் பிரிக்கிற கை வேலையை விடாமல். “சிவப்பு அடிச்சா அது நிஜமாயிடும். அப்புறம் அமைச்சர் வந்து எதை அடிப்பார்?”

“பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க? பச்சைன்னா நல்லதுன்னு...”

“பாக்கிறவங்க ஒத்திகையில கிடையாது மிஸ்டர் எபனேசர். அவங்க நிஜத்துக்குத்தான்.”

பார்க்கிறவர்கள் ஷாமியானாவுக்கு வெளியேயும் நெருக்கியடித்து நின்றார்கள். கிழவர்களைத் தோளில் தாங்கிக் கூட்டி வந்திருந்தார்கள்.

மூடுவதற்கு முன்னால் பம்பு வேலை செய்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். வேலை செய்யாத பம்பை மூடினால் தணிக்கையில் ஆட்சேபம் வரும். லக்ஷ்மிநாராயணன் கைப்பிடியைப் பிடித்து நாலு அடி அடித்தார். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. ஜனங்கள் கை தட்டினார்கள். பச்சை வர்ணம் அடிக்கப்பட்டது. மாலை போடப்பட்டது. லக்ஷ்மிநாராயணன் மைக்கைப் பிடித்துத் தெலுங்கில் நீரின் பெருமையைப் பேசினார். நீர் இல்லையேல் உயிர் இல்லை என்றார். இந்த அரசு எளியவர்களின் தாகத்தை அறியும் என்றார். பம்பு மூடப்படுகிறது என்ற வரி அமைச்சரின் பேச்சில் இருந்தது. ஆகவே இவர் பேச்சில் இல்லை.

எபனேசர் மேடைப் பக்கம் போய், “நான் ஒரு வார்த்தை சொல்லிக்கிடுதேன்” என்று கெஞ்சினார்.

“உங்க உரையும் நிஜத்துலதான்” என்று வேதாசலம் நிகழ்ச்சி நிரலைக் காட்டினார். “அன்னைக்குச் சொல்லலாம். முன்னாடியே சொல்லிட்டா அமைச்சருக்கு என்ன புதுசா இருக்கும்?”

லக்ஷ்மிநாராயணன் இறங்கி வந்தபோது எபனேசர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “சார், நீங்களாவது சொல்லுங்க. நீங்க போட்ட உத்தரவு சார் அது.”

லக்ஷ்மிநாராயணன் ஒரு கணம் தயங்கினார். கண்ணில் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. பிறகு வேனில் இருந்த கூஜாவிலிருந்து தண்ணீர் வாங்கி அண்ணாந்து குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார். “உத்தரவு போட்டது செயலாளர் ஓய். இன்னிக்கு நான் அமைச்சர்.”

எபனேசரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒத்திகையின் நிறைகுறைகளை விவாதிக்க அவர் தேவைப்பட்டார். விவாதம் மறுநாளும் நடந்தது. மாலை இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம் என்று ஒருமனதாக முடிவாயிற்று. நிஜ விழா எப்போது, காலனிக்குக் குழாய் எப்போது என்று எபனேசர் கேட்டார். அமைச்சரவையில் மாற்றம் வரலாம் என்று பேச்சு இருப்பதால், எந்த அமைச்சர் என்று தெரிந்த பிறகு தேதி சொல்வதாகவும், அதற்குள் சிவப்பு டப்பா காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஸ்டோருக்கு எழுதியிருப்பதாகவும் சொன்னார்கள்.

அங்கிருந்து நேராக நாச்சாரம் பஸ் பிடித்தார். இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. காலனிக்கு நடுவில் பம்பு பளிச்சென்று நின்றது. சாமந்தி வாடியிருந்தாலும் மாலையை யாரும் கழற்றவில்லை. கீழே யாரோ குங்குமம் வைத்து ஊதுபத்தி கொளுத்தியிருந்தார்கள். டோரிஸ் இரண்டு கையாலும் கைப்பிடியில் தொங்கித் தொங்கி அடித்துக்கொண்டிருந்தாள். “தேக்கோ பெரியப்பா, பாருங்க, நானே அடிக்கேன்” என்று சிரித்தாள்.

மரியபுஷ்பம் குடத்தை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். அவள் முகத்தில் பல மாதமாக இல்லாத ஓய்வு தெரிந்தது.

“வாங்க அத்தான். இனிமே அந்த லாரிக்குள்ள ஓட வேண்டாம்லா. எல்லாம் உங்களாலதான்னு காலனி பூராவும் சொல்லுது. இருங்க, வேர்த்து வடியுது, தண்ணி தாரேன்.”

டம்ளரைத் தண்ணீரில் முக்கி எடுத்து நீட்டினாள்.

எபனேசர் வாயைத் திறந்தார். “இந்தத் தண்ணீரைப் பொறுத்தவரை, கூடுதல் கவனத்துக்கு இடமிருக்கலாம் என்று கருத வாய்ப்பிருக்கிறது” என்று வந்தது.

மரியபுஷ்பம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். “சரி அத்தான். குடிக்கலாம்லா?”

அவர் டம்ளரைத் தட்டிவிட்டார். குடத்தைக் காலால் உதைத்தார். தண்ணீர் மண்ணில் ஓடி, டோரிஸ் கைப்பிடியை விட்டுவிட்டு அம்மாவின் பின்னால் ஒளிந்தாள்.

“விஷம்” என்றார். “புஷ்பம், அது விஷம். அன்னைக்கு மாதிரியேதான் இருக்கு. ஒண்ணும் மாறலை.”

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு பம்பைப் பார்த்தாள், பச்சையை, மாலையை. சுற்றி நின்ற பெண்கள் முன்னால் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“அது முன்னாடி அத்தான்” என்று தணிந்த குரலில் சொன்னாள், பிள்ளைக்குச் சொல்வது போல. “பெரிய ஆளுககிட்டப் பேசிக்கிட்டிருக்கேன், அவுக வந்து சரி பண்ணுவாகன்னு நீங்கதானே சொன்னிய. வந்துட்டாகல்லா. அத்தனை படிச்சவுக வந்து மாலை போட்டுட்டுப் போயிருக்காக. அவுகளுக்குத் தெரியாததா? உங்களுக்கு அலைச்சல் ஜாஸ்தி. அக்காகிட்டச் சொல்லி நாலு நாள் லீவு போடுங்க.”

குனிந்து குடத்தை நிமிர்த்தி, மண்ணைத் தட்டி, பம்பின் வாய்க்கு அடியில் வைக்கப் போனாள். எபனேசர் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தார். “கைக்கு? எதுக்கு அங்க போறார்?” என்று யாரோ கேட்பது காதில் விழுந்தது.

ரோட்டின் ஓரத்தில் வெகு நேரம் நின்றார். லாரிகள் போய்க்கொண்டேயிருந்தன. இடைவெளி கிடைத்து, குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடித் தாண்டினார். சாராயக் கடையைக் கடந்ததும், வரிசையின் வால் எங்கே இருக்கிறது என்று பழக்கத்தில் தேடினார். கடையோரம் இல்லை. மதிலோரம் இல்லை. மதில் நெடுகிலும் நடந்து, குழாய் வரைக்கும் வந்துவிட்டார்.

குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. யாரும் மூடவில்லை, மூட யாரும் அங்கே இல்லை. நல்ல தண்ணீர் சாக்கடையில் விழுந்து ஓடிக்கொண்டிருந்தது.

எபனேசர் குடத்தை வைத்தார். காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் உடனே நிறைந்தது.